நான்கு விநாடிச் சிவப்பு

மேஜர் ஜெபசீலி பத்தொன்பது ஆண்டுகள் மேஜராகவே இருந்தாள். தென்கடல் கூட்டரசின் தரைப்படையில் ஒருவர் இப்படி ஒரே பதவியில் உட்கார்ந்துவிட வேண்டுமானால் ஒன்று எதையாவது திருடியிருக்க வேண்டும், அல்லது குடித்துவிட்டு மேலதிகாரி வீட்டு வாசலில் பாட்டுப் பாடியிருக்க வேண்டும். ஜெபசீலி இரண்டையும் செய்யவில்லை. அவளுக்கு எல்லாவற்றிலும் ஒரு கருத்து இருந்தது. அது அவள் தோளில் விளக்காக எரிந்தது. அவ்வளவுதான் அவள் செய்த குற்றம்.

கடல் ஏறி வந்து பழைய கரையோர ஊர்களை விழுங்கிவிட்டு, நடுக்கடலில் புதிய மணல் திட்டுகளைத் துப்பிய பிறகு, கூட்டரசுக்கும் தீவுக் குடியரசுக்கும் அந்தத் திட்டுகளுக்காக ஓயாத சண்டை. அதில் நடந்த ஒரு போர்க்குற்ற வழக்கில் பதினோரு அதிகாரிகள் வரிசையாகக் கூண்டில் ஏறி, “எனக்கு மனசே இல்லை, மேலிடம் சொன்னது, செய்தேன்” என்று எழுத்துப் பிசகாமல் ஒரே வாக்கியத்தைச் சொல்லிவிட்டு இறங்கினார்கள். நாடே கொதித்தது. அந்தக் கொதிப்பில் பிறந்ததுதான் இசைவுச் சட்டம்.

சட்டம் எளிமையானது. ஒவ்வோர் அதிகாரியின் பிடரியிலும் கட்டைவிரல் நகத்தின் அளவில் ஒரு பட்டை ஒட்டப்படும். ஓர் ஆணை காதில் விழுந்ததும் அவர் மனம் அதனோடு போகிறதா என்று பட்டை பார்க்கும். போனால் தோளில், நட்சத்திரங்களுக்குப் பக்கத்தில், பச்சை விளக்கு எரியும். போகாவிட்டால் சிவப்பு. பச்சை விழாத ஆணை செல்லாது. குண்டு போடும் ஆணையிலிருந்து இடமாற்ற ஆணைவரை இதே விதிதான். சிவப்பு காட்டியதற்காக யாரையும் தண்டிக்கவும் கூடாது. மனம் ஒப்பாமல் இனி யாரும் கொல்ல வேண்டியதில்லை என்று முதலமைச்சர் அறிவித்தபோது, மேசையைத் தட்டியே சட்டமன்ற உறுப்பினர்களுக்கு உள்ளங்கை வீங்கியது.

தளபதிகள் முதலில் முணுமுணுத்தார்கள். பிறகு யாரோ ஒருவர், பச்சை விழுந்த தடவைகளை நூற்றுக்கு இத்தனை என்று கணக்கிடலாமே என்று கண்டுபிடித்தார். எண்ணாக வருவது எதையும் ராணுவம் பதவி உயர்வுப் படிவத்தில் சேர்த்துவிடும். அடுத்த ஆண்டிலிருந்து ‘இசைவு விழுக்காடு’ என்று படிவத்தில் ஒரு கட்டம் வந்தது. சிவப்புக்குத் தண்டனை கிடையாது, பச்சைக்குப் பரிசு உண்டு. இரண்டும் ஒன்றுதான் என்பதை யாரும் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

ஜெபசீலியின் விழுக்காடு அறுபத்தொன்று. அவளோடு பயிற்சிக் கழகத்தில் ஒரே அறைவரிசையில் தங்கி, ஒரே மைதானத்தில் ஓடி, வரைபடத் தேர்வில் அவள் தாளைப் பார்த்து எழுதித் தேறிய நாச்சியப்பனுடையது தொண்ணூற்றொன்பது புள்ளி எட்டு. மீதிப் புள்ளி இரண்டு, ஒருமுறை மெஸ்ஸில் பாயசத்தை நிறுத்தச் சொல்லி வந்த ஆணையால் போனது.

“எல்லாத்துக்கும் உனக்கு ஒரு அபிப்பிராயம் இருந்தே ஆகணுமா?” என்று அவள் கணவன் தனசிங் கேட்பான். புதுத்துறையில் பள்ளிக்கூட ஆசிரியன். விடுமுறைக்கு அவள் வரும்போதும் சட்டப்படி பட்டையையும் விளக்கையும் கழற்றக் கூடாது. “கொழம்பு நல்லாருக்கான்னு கேட்டாக்கூட ஒன் தோளத்தான் பாக்க வேண்டியிருக்கு.”

“அது ஆணைக்குத்தான் எரியும். கேள்விக்கு எரியாது.”

“நல்லாருக்குன்னு சொல்லுன்னுதான கேட்டேன். அது ஆணை மாதிரிதான்.”

அன்று விளக்கு என்ன நிறம் காட்டியது என்று இரண்டு பேருமே பேசிக்கொள்ளவில்லை.

முயல்திட்டு விவகாரம் நடந்தபோது அவளுக்கு முப்பத்து நான்கு வயது. புதிதாக மேஜர் ஆகியிருந்தாள். ஆளில்லா விமானப் பிரிவு ஒன்று அவள் பொறுப்பில் இருந்தது. ஒரு நாள் காலை ஆறு மணி இரண்டு நிமிடத்துக்கு ஆணை வந்தது: முயல்திட்டின் மேற்குக் கரையில் நிற்கும் ஒன்பது படகுகளையும் மூழ்கடிக்கவும், அவற்றில் எதிரியின் உளவுக் கருவிகள் இருப்பதாகச் சந்தேகம்.

ஜெபசீலி திரையில் பார்த்தாள். ஒன்பது படகுகள். காயப்போட்ட வலைகள். ஐஸ் பெட்டிகள். கரையில் அடுப்பைச் சுற்றிக் குந்தியிருந்த ஆட்கள். அவர்கள் திட்டுக் குடிகள். கூட்டரசும் அவர்களைத் தன் மக்கள் என்று சொன்னதில்லை, தீவுக் குடியரசும் சொன்னதில்லை. அவள் தோளில் சிவப்பு விழுந்தது. விமானங்கள் வட்டமடித்துக்கொண்டே இருந்தன.

மூன்றாவது நிமிடம் பிரிகேடியர் கோதண்டபாணியின் குரல் வந்தது. அவள் பிரிவுக்கு மேலே இருந்தவர். கோபப்படாத மனிதர்.

“மேஜர், உங்க விளக்கு சிவப்பு காட்டுதாமே.”

“ஆமா சார்.”

“ஏதாவது பழுதா?”

“பழுது இல்ல சார். அது மீன் படகு. உளவுக் கருவின்னு யாரு பார்த்தா?”

“பார்த்தவங்க பார்த்திருக்காங்க. நீங்க கொஞ்சம் நம்பிப் பாருங்களேன்.”

“நம்புன்னு சொன்னா நம்பிக்க வராது சார்.”

“ஒரு தடவை கண்ணை மூடி, மூச்சை இழுத்து விட்டுட்டு, ஆணையை மறுபடி வாசிச்சுப் பாருங்க. எனக்கு இப்படித்தான் வரும்.”

அவள் கண்ணை மூடவில்லை. மறுபடி வாசித்தாள். சிவப்பு. பிரிகேடியர் பொறுமையாக ஐந்து முறை வாசிக்க வைத்தார். கொஞ்ச நேரம் ராணுவம் என்பதை மறந்து, குழந்தைக்கு மருந்து கொடுப்பவர்போலப் பேசிப் பார்த்தார். கடைசியில், “சரி, பரவாயில்லை, சட்டம் உங்க பக்கம்” என்று சொல்லி வைத்துவிட்டார்.

ஜெபசீலிக்கு உடம்பு லேசானது. மறுத்தாயிற்று, நின்றுவிட்டது என்றுதான் நினைத்தாள். தான் மறுத்தால் அவர்கள் வேறு ஆளைத் தேடுவார்கள் என்பது ஏனோ அவள் புத்தியில் தட்டவே இல்லை.

ஆறு நாற்பத்தொன்றுக்கு விமானங்களின் கட்டுப்பாடு தலைநகரிலிருந்த நாச்சியப்பனுக்கு மாற்றப்பட்டது. அவன் அப்போது மெஸ்ஸில் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தான். ஆணையை வாசித்துக் காட்டினார்கள். தோளில் பச்சை விழுந்தது. ஐந்து படகுகள் மூழ்கின. நான்கு தப்பின. பதினேழு பேர் செத்தார்கள். படகுகளில் மீனும் ஐஸும் வலையும்தான் இருந்தன என்று பிறகு தெரிந்தது.

விசாரணைக் குழு மூன்று மாதம் உட்கார்ந்தது. நாச்சியப்பன் திரையைப் பார்த்தானா என்று குழு கேட்கவில்லை. விளக்கு பச்சையாக இருந்தவரிடம் கேட்பதற்கு என்ன இருக்கிறது? குழுவின் முடிவு ஒரே பத்தியில் இருந்தது. ஆணை வந்த ஆறு மணி இரண்டு நிமிடத்துக்குப் படகுகள் காலியாக இருந்தன, ஆட்கள் கரையில் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார்கள். ஆறு நாற்பத்தொன்றுக்கு அவர்கள் கடலுக்குப் போகப் படகில் ஏறியிருந்தார்கள். ஆகவே பதினேழு மீனவர்களின் மரணத்துக்கு மேஜர் ஜெபசீலியின் காலதாமதமே காரணம். ஆயினும் சிவப்பு காட்டியதற்காக அவர்மீது நடவடிக்கை எடுக்கச் சட்டத்தில் இடமில்லை.

அந்தப் பத்தியை அவள் வீட்டில் வைத்து வாசித்தாள். தனசிங் அவளிடமிருந்து தாளை வாங்கி வாசித்துவிட்டு, “இது அயோக்கியத்தனம்” என்றான்.

“நேரம் சரியாத்தான இருக்கு” என்றாள் ஜெபசீலி. “ஆறு ரெண்டுக்குப் படகுல யாரும் இல்ல. நான் பாத்தேன்.”

“அதுக்கு?”

“நான் செய்யிறேன்னு சொல்லியிருந்தா படகுதான் போயிருக்கும்.”

“அப்பிடி ஒருத்தர யோசிக்க வைக்கதுக்குத்தான் அவனுக அப்பிடி எழுதுதானுக.”

“எழுதினவன் யாரா வேணும்னா இருக்கட்டும். கணக்குச் சரிதான.”

இருவருக்கும் தெரிந்திருந்தது, அவள் சொன்னது முழுப் பொய்யும் இல்லை, முழு உண்மையும் இல்லை. அப்படிப்பட்டதுதான் ஆளை விடாது.

தண்டனை கிடையாது என்பதால் இடமாற்றம் வந்தது; கொஞ்ச நேரம் சிவந்து, பிறகு அவள் விளக்கு பச்சையாயிற்று. முதலில் மலைநகர் ஒன்றில் ஆறு மாத இசைவு மேம்பாட்டுப் பயிற்சி. காலையில் மூச்சுப் பயிற்சி, மதியம் தேசபக்தி, மாலையில் கேசரி. கேசரி சாப்பிடும்போது ஆணைகளை வாசித்துக் காட்டுவார்கள். இனிப்போடு சேர்ந்து உள்ளே போகும் என்று ஒரு நிபுணர் சொல்லியிருந்தார். ஆறு மாத முடிவில் ஜெபசீலியின் எடை நாலு கிலோ கூடியிருந்தது. விழுக்காடு ஐம்பத்தெட்டாகக் குறைந்திருந்தது.

அதன் பிறகு ஆணையே அதிகம் வராத இடங்களாகப் பார்த்து அவளை அனுப்பினார்கள். வானிலை நிலையம். குதிரைகள் இல்லாத குதிரைப்படையின் அருங்காட்சியகம். கடைசியில் தலைமையகத்திலேயே, விருதுக்கான பாராட்டு வாசகம் எழுதும் பிரிவு. அங்கே போய்ச் சேர்ந்த இரண்டாவது வாரம் அவள் மேசைக்கு ஒரு கோப்பு வந்தது. முயல்திட்டு நடவடிக்கைக்காகக் கர்னல் நாச்சியப்பனுக்கு வீரப்பதக்கம், வாசகம் எழுதுக.

சிவப்பு. பிரிவுத் தலைவர் கெஞ்சினார். பொய் சொல்லச் சொல்லவில்லை, தெரிந்த உண்மையை அழகாக எழுதினால் போதும் என்றார். அவள் எழுதிக் கொடுத்தாள்: ‘காலை உணவின்போதும் கடமை தவறாமல், தட்டிலிருந்து தலையைத் தூக்காமலேயே இலக்கைத் தாக்கியமைக்காக.’ பிரிவுத் தலைவர் அதைக் கிழித்துப் போட்டுவிட்டுத் தானே எழுதிக்கொண்டார். அவர் விளக்கு எப்போதும் பச்சை.

அந்தக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில்தான் பட்டைகளைப் பழுது பார்க்கும் பட்டறை இருந்தது. அதை நடத்தியவர் ஹவில்தார் பிச்சைக்கனி. ஐம்பதைத் தாண்டியவர், பூதக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றியபடி நாள் முழுக்கக் குனிந்து வேலை செய்பவர். ஜெபசீலியின் பட்டையில் பழுது இருக்கிறதா பார்க்கச் சொல்லி மாதம் ஒருமுறை மேலேயிருந்து அனுப்புவார்கள். அப்படித்தான் பழக்கம்.

“ஒங்க பட்டை மாதிரி நல்லா வேல செய்ற பட்டை இந்தப் படையிலேயே இல்ல மேடம்” என்றார் அவர் ஒருநாள். “மத்தவங்க பட்டைக்கு வேலையே கிடையாது.”

“ஏன் அப்படிச் சொல்லுதீங்க?”

“இது சம்மதத்த அளக்குதுன்னு நெனச்சீங்களா? சம்மதத்த எப்படி அளக்க? மண்டைக்குள்ள ஒரு முட்டல் மோதல் வருதான்னு பாக்கும். வந்தா சிவப்பு. வரலைன்னா பச்ச. அவ்வளவுதான் இதுக்குத் தெரியும்.”

ஜெபசீலி நாற்காலியை அருகே இழுத்துப் போட்டுக்கொண்டாள். “அப்ப ஒண்ணுமே யோசிக்காதவனுக்கு?”

“பச்ச.”

“தூங்குறவனுக்கு?”

“நல்ல பச்ச.”

“செத்தவனுக்கு?”

பிச்சைக்கனி கொஞ்சம் யோசித்தார். “உடம்பு சூடு ஆறுத வரைக்கும் பச்சதான் காட்டும் மேடம். அதுக்கப்புறம் அணைஞ்சிரும். ஆஸ்பத்திரில பாத்திருக்கேன். ஒரு கேப்டனுக்கு ரெண்டு ஆணை அப்பிடிப் பதிவாயிருச்சு.”

அவர் சிரிக்கவில்லை. பழைய பதிவுச் சீட்டுகளை ஒரு கட்டாக எடுத்துக் காட்டினார். ஓர் அதிகாரி நிஜமாகவே யோசித்து, தனக்குள் மல்லுக்கட்டி, பிறகு சம்மதித்தால் கோடு எப்படி ஓடும் என்று விரலால் தொட்டுச் சொன்னார்: முதலில் சிவப்பு, கொஞ்ச நேரம் நின்று, பிறகு மெல்லப் பச்சை. ஜெபசீலியின் ஐம்பத்தெட்டு விழுக்காடு பச்சையும் அப்படிப்பட்டதுதான். நாச்சியப்பனுடைய கோடு அப்படி இல்லை. ஸ்கேல் வைத்து வரைந்ததுபோல ஆரம்பத்திலிருந்தே பச்சை.

“அப்ப அவங்க யாருமே சம்மதிக்கல” என்றாள் ஜெபசீலி மெதுவாக. “அங்க ஆளே இல்ல.”

“அத நான் சொல்லல மேடம். நான் ஹவில்தார்.”

அவள் சொன்னாள். எட்டு மாதம் உட்கார்ந்து, நூற்றுப் பத்துப் பக்கத்தில் ஓர் அறிக்கை எழுதி, முறைப்படி மேலிடத்துக்கு அனுப்பினாள். எடுத்த எடுப்பிலேயே விழும் பச்சை சம்மதம் அல்ல, ஆளில்லாமை. ஆகவே அப்படிப் பதிவான எந்தத் தாக்குதலும் சட்டப்படி செல்லாது. இதற்காகத் தன்னைத் துரத்திவிடுவார்கள் என்று தயாராகவே இருந்தாள். தனசிங்கிடம் சொல்லியும் வைத்திருந்தாள். அவள் பெட்டியை வைக்க அவன் அலமாரிக்கு மேலே இடம் ஒதுக்கிவிட்டான்.

யாரும் துரத்தவில்லை. நடந்தது அதைவிட மோசம். அறிக்கையை ஏற்றுக்கொண்டார்கள்.

அதை ஆராய ஒரு குழு போட்டார்கள். தலைவர், இப்போது மேஜர் ஜெனரல் ஆகிவிட்ட நாச்சியப்பன். இரண்டே வாரத்தில் குழு முடிவு சொன்னது: மேஜர் ஜெபசீலியின் கண்டுபிடிப்பு மிகச் சிறப்பானது. இனிமேல் எந்த ஆணைக்கும் முதலில் நான்கு விநாடிக்குக் குறையாமல் சிவப்பு எரிய வேண்டும். பிறகே பச்சை விழ வேண்டும். எடுத்த எடுப்பில் விழும் பச்சை செல்லாது. பழைய ஆணைகளுக்கு இது பொருந்தாது.

அடுத்த மாதமே மலைநகரில் பயிற்சி தொடங்கிவிட்டது. ஆணை காதில் விழுந்ததும் அதிகாரிகள் நான்கு விநாடிக்கு ஏதாவது பிடிக்காததை நினைத்துக்கொள்ள வேண்டும். கரப்பான் பூச்சி, பல் பிடுங்கும் நாற்காலி, வேட்டி அவிழ்ந்து விழுகிற கல்யாண வீடு, எது வேண்டுமானாலும். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. பிறகு விட்டுவிடலாம். பச்சை தானாக வரும். நாச்சியப்பன் மாமனாரை நினைத்துக்கொள்வதாகச் சொன்னார்கள். அவன் விழுக்காடு நூறைத் தொட்டது.

ஒருநாள் அவனே ஜெபசீலியின் அறைக்கு வந்தான். கையில் லட்டு டப்பா. அவன் கெட்டவன் இல்லை. அதுதான் அவனிடம் சங்கடமே. பயிற்சிக் கழகத்தில் அவளுக்குக் காய்ச்சல் வந்தபோது மூன்று நாள் கஞ்சி கொண்டுவந்து கொடுத்தவன்.

“ஜெபசீலி, ஒனக்கு ஒரு நல்ல காரியம் செஞ்சு வச்சிருக்கேன்” என்றான். “கர்னல் பதவி. மலைநகர்ப் பள்ளிக்கு நீதான் தலைவர். சிவப்புன்னா என்னன்னு ஒன்னவிட யாருக்குத் தெரியும்?”

“கரப்பான் பூச்சிய நினைக்கச் சொல்லிக் குடுக்கணுமா?”

“நீ வேற ஏதாவது சொல்லிக் குடு. யாரு கேக்கப் போறா? இன்னொண்ணும் இருக்கு. பதவி உயர்வு விழாவுல வாசிப்பாங்க. ஒனக்குச் சந்தோஷமா இருக்கும். ரொம்ப நாளா ஒன் மனசுல கிடக்கிறது.”

என்னவென்று அவன் சொல்லவில்லை. டப்பாவை மேசையில் வைத்துவிட்டுப் போனான்.

விழா தலைமையக மைதானத்தில் காலை பத்து மணிக்கு நடந்தது. வாத்தியம், பந்தல், முன்வரிசையில் தனசிங் இஸ்திரி போட்ட சட்டையில். ஆணை பெறுபவர் மேடையில் நிற்பார். ஆணை வாசிக்கப்படும். விளக்கு சிவந்து, பிறகு பச்சையாகும். பதிவுப் பெட்டி ஒரு சீட்டைத் துப்பும். பிச்சைக்கனி அதை எடுத்து, “நான்கு விநாடி, இசைவு” என்று ஒலிபெருக்கியில் வாசிப்பார். கைதட்டல். ஜெபசீலிக்கு முன்னால் ஆறு பேருக்கு இப்படியே நடந்து முடிந்தது. ஆறு பேரும் முகத்தைச் சுளித்து நான்குவரை எண்ணியது பின்வரிசைக்கே தெரிந்தது.

சிவப்பு காட்டி மறுத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம் என்ற முடிவோடுதான் அவள் மேடையேறினாள். அதற்குத் தனியாக எந்த முயற்சியும் தேவைப்படாது என்று நினைத்திருந்தாள்.

நாச்சியப்பன் வாசித்தான். “முயல்திட்டு நிகழ்வு குறித்த விசாரணைக் குழுவின் முடிவு இதனால் திரும்பப் பெறப்படுகிறது. மேஜர் ஜெபசீலி மீது எவ்விதப் பழியும் இல்லை.”

அவள் தோளில் பச்சை விழுந்தது.

உடனே விழுந்தது. ஒரு நொடிகூட ஆகவில்லை. மூன்று ஆண்டுகளாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த ஒன்று எழுந்துகொண்டது. உடம்பு முழுக்க ஒரு தண்மை ஓடியது. முயல்திட்டையும் அடுப்பைச் சுற்றி இருந்தவர்களையும் அந்த ஒரு கணம் அவள் நினைக்கவே இல்லை. அவன் தொடர்ந்து வாசித்துக்கொண்டிருந்தது அதற்குப் பிறகுதான் காதில் ஏறியது.

“உயிரிழந்த பதினேழு பேரும் எதிரித் தரப்புப் போராளிகள் எனத் தற்போது தீர்மானிக்கப்பட்டுள்ளதாலும், அவர்களின் இறப்பு படைக்கு நன்மையே என்பதாலும், மேஜர் ஜெபசீலி கர்னலாகப் பதவி உயர்த்தப்பட்டு...”

இப்போது விளக்கு சிவந்தது. அதனால் பயன் இல்லை. ஆணைக்கு முதலில் விழும் பச்சைதான் கணக்கு. பெட்டி ஏற்கெனவே சீட்டைத் துப்பியிருந்தது. பதினேழு பேரையும் போராளிகளாக்கும் தாளுக்கு அவள் சம்மதித்தாயிற்று.

பிச்சைக்கனி சீட்டைக் கையில் எடுத்துப் பார்த்தார். ஒலிபெருக்கியை உள்ளங்கையால் மூடிக்கொண்டு அவள் பக்கம் குனிந்தார்.

“மேடம், எடுத்த ஒடனே பச்ச விழுந்திருக்கு. கவலப்படாதீங்க. நாலு விநாடின்னு வாசிச்சிருதேன். எத்தன பேருக்கு வாசிச்சிருக்கேன், ஒங்களுக்கு வாசிக்க மாட்டனா?”

“என்ன இருக்கோ அத வாசிங்க.”

“மேடம், எல்லாரும் பாத்துட்டு இருக்காங்க.”

“அதான். சத்தமா வாசிங்க.”

பிச்சைக்கனி அவளைப் பார்த்தார், நாச்சியப்பனைப் பார்த்தார். பிறகு கையை எடுத்தார். “பூஜ்யம் விநாடி” என்றார். அந்தக் குரல் பந்தலின் கடைசிக் கம்பம்வரை போனது.

கைதட்டத் தூக்கிய கைகள் பாதியில் நின்றன. நாச்சியப்பன் சிரித்துச் சமாளித்தான். “ஒரு விநாடி முன்னப்பின்னதானே. அதெல்லாம்...”

“செல்லாது சார்” என்றாள் ஜெபசீலி. ஒலிபெருக்கி முன்னால் போய் நின்றாள். “எடுத்த எடுப்புல விழுந்த பச்சை செல்லாதுன்னு விதி இருக்கு. பழி இல்லைன்னு கேட்டதும் எனக்கு வேற எதுவும் ஞாபகம் வரல. செத்தவங்க ஞாபகம் வரல. அந்த ஒரு விநாடி நான் அங்க இல்ல. அதனால இந்த ஆணை செல்லாது. பழைய முடிவு அப்படியே இருக்கட்டும்.”

படையிலேயே யோசிக்கத் தெரிந்த ஆள் தான் ஒருத்திதான் என்று இத்தனை காலம் உள்ளுக்குள் ஒரு செருக்கு வைத்திருந்தாள். அது அந்த மேடையில், எல்லோர் முன்னாலும், அவளிடமிருந்து உரிந்து போயிற்று. தனசிங் எழுந்து நின்றான். கைதட்டுவதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றுகொண்டே இருந்தான்.

விழா முடிந்ததும் நாச்சியப்பன் பந்தலுக்குப் பின்னால் அவளைப் பிடித்துக்கொண்டான். அவன் முகத்தில் நிஜமான வருத்தம் இருந்தது.

“ஒனக்கு நல்லதுதானே செஞ்சேன்?”

“ஆமா. எனக்குத்தான் செஞ்ச.”

“வேற யாருக்குச் செய்ய? அவங்க செத்துப் போயாச்சு, ஜெபசீலி. மீனவன்னு இருந்தா என்ன, போராளின்னு இருந்தா என்ன?”

அவன் உண்மையாகவே தெரியாமல்தான் கேட்கிறான் என்று அவளுக்குப் புரிந்தது. அவன் தோளில் விளக்கு அணைந்து கிடந்தது. அது ஆணைக்குத்தான் எரியும்.

அதற்குப் பிறகு யாரும் அவளுக்கு எந்த ஆணையும் இடவில்லை. பதினாறு ஆண்டுகள், வாசகம் எழுதும் பிரிவின் ஓரத்தில் ஒரு மேசை, ஒரு மின்விசிறி. பிச்சைக்கனி ஓய்வு பெற்றார். நாச்சியப்பன் தளபதியாகி, ஓய்வு பெற்று, மனவுறுதி என்ற தலைப்பில் கல்லூரிகளில் பேசப் போனான். ஐம்பத்து மூன்று வயதில் ஜெபசீலியும் மேஜராகவே வெளியே வந்தாள். அவள் பணிக்குறிப்பில் கடைசிவரை ஒரே பத்தி தங்கியிருந்தது, பதினேழு மீனவர்களின் மரணத்துக்கு இவர் காரணம் என்று.

இரண்டு நாடுகளும் சமாதானமான மறுவருடம், முயல்திட்டுக்குப் படகு விட்டார்கள். தனசிங் வேண்டாம் என்றுதான் சொன்னான். பிறகு அவனே இரண்டு டிக்கெட் எடுத்து வந்தான்.

திட்டின் மேற்குக் கரையில் ஒரு கல் நட்டிருந்தார்கள். போரில் செத்த எதிரிப் போராளிகளுக்குக் கல் நடச் சமாதான ஒப்பந்தத்தில் தடை இருந்தது. மீனவர்களுக்குத் தடை இல்லை. ஆனால் கல்லில் வெட்டும் வாசகம் அரசுப் பதிவில் உள்ளபடியே இருக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனை. அதனால் பதினேழு பெயர்களுக்குக் கீழே, கொத்தனுக்குத் தெரிந்த எழுத்தில், ‘மேஜர் ஜெபசீலாவின் காலதாமதத்தால் உயிர் நீத்தவர்கள்’ என்று இருந்தது. ஆணை போட்டவர் பெயரோ, இட்லி சாப்பிட்டவன் பெயரோ எங்கும் இல்லை.

தனசிங் அதை வாசித்துவிட்டு, “பேரு தப்பா இருக்கு” என்றான் அவள் காதோரம். “விட்டுரு. யாரோ ஜெபசீலா. நல்லதாப் போச்சு.”

கல்லைச் சுற்றிப் பெருக்கிக்கொண்டிருந்த பெண்மணிக்கு அறுபது வயது இருக்கும். பெயர் சகாயராணி. பதினேழில் மூன்றாவது பெயர் அவள் புருஷனுடையது, நான்காவது அவள் தம்பியுடையது. வருகிறவர்களிடம் அதைச் சொல்லிச் சொல்லி அவளுக்குப் பழகியிருந்தது.

“அம்மா, இதுல ஒரு எழுத்து பிழையா இருக்கு” என்றாள் ஜெபசீலி.

“எதுல? எங்க ஆளு பேருலயா?”

“இல்ல. கீழ. சீலா இல்ல, சீலி.”

சகாயராணி துடைப்பத்தை நிறுத்தினாள். “அவளோட பேரு எப்படி இருந்தா என்ன? ஒங்களுக்கு அவளத் தெரியுமா?”

“நான்தான் அது.”

சகாயராணி அவளை உச்சியிலிருந்து கால்வரை பார்த்தாள். தனசிங் ஓர் அடி முன்னால் வந்தான். ஜெபசீலி அவன் கையைப் பிடித்து நிறுத்தினாள். அந்தப் பெண் திரும்பித் தன் குடிசைக்குள் போனாள். வெளியே வந்தபோது கையில் ஒரு கரித்துண்டு இருந்தது. அதைக் கல்லின் அடியில் வைத்தாள்.

“எப்படின்னு நீங்களே எழுதிக் காட்டுங்க” என்றாள். “கொத்தன் வியாழக்கிழம வருவான்.”

ஜெபசீலி மணலில் முழங்காலிட்டு, கரித்துண்டை எடுத்து, தன் பெயரைப் பிழையில்லாமல் எழுதினாள்.